மாண்ட்ரியல் குளிருக்குக் கம்பளிக் கோட்டா, பார்க்காவா?

கனடாவின் மாண்ட்ரியலில் ஜனவரி இரவு மைனஸ் 20 டிகிரிக்குப் போவது அதிசயமில்லை. காற்றும் சேர்ந்தால் காது மடல் மரத்துவிடும். அங்கே ஸ்டைலாகவும் உடுத்த வேண்டும், குளிரும் தாங்க வேண்டும் என்றால் முழங்கால் வரை வரும் கம்பளிக் கோட், வாத்து இறகு அடைத்து, தலைமூடி வைத்துத் தைத்த பார்க்கா என்ற தடித்த மேலங்கி, இந்த இரண்டில் ஒன்றுதான்.

அழகில் என் ஓட்டு கம்பளிக்கே. தோளில் கச்சிதமாக உட்காரும், சூட்டுக்கும் புடவைக்கும் பொருந்தும். லேசான ஈரத்திலும் கம்பளி உடல் சூட்டை விட்டுவிடாது. ஆனால் பொத்தான்களுக்கு நடுவே காற்று நுழைந்துவிடும். அதனால் உள்ளே மெரினோ என்ற மென்மையான ஆட்டுக் கம்பளிப் பனியன், அதன்மேல் கையில்லாத மெல்லிய இறகு ஜாக்கெட் போட வேண்டும். கடையில் இதையெல்லாம் போட்டுக்கொண்டே கோட்டை அளந்து பாருங்கள். கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கக் கூடாது.

பார்க்காவில் சூடு தருவது இறகுக்குள் சிக்கி நிற்கும் காற்று. லேபிளில் ஃபில் பவர் 600, 700 என்று இருக்கும். ஒரு அவுன்ஸ் இறகு அத்தனை கன அங்குலம் விரியும் என்று பொருள். நனைந்தால் இறகு அமுங்கிவிடும், சூடும் போய்விடும். உடம்பு உப்பித் தெரிவதுதான் பலருக்குக் குறை. இடுப்பில் இழுத்துக் கட்டும் நாடாவும் மினுக்கமில்லாத கறுப்புத் துணியும் இருந்தால் அது பாதி சரியாகிவிடும்.

பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பவர் யோசிக்காமல் பார்க்கா வாங்கலாம். மெட்ரோவிலும், 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நிலத்தடி நடைபாதைகளிலும் போய்வருபவருக்குக் கம்பளிக் கோட்டே போதும்.