சுழல் உருளையா, அதிர்வுக் கிண்ணமா? கூழாங்கல் மெருகேற்ற எதை வாங்கலாம்

கொடுமுடியில் காவிரி வடிந்து கிடந்த சமயம், என் மகள் ஒரு துணிப்பை நிறையக் கூழாங்கல் பொறுக்கினாள். ஆற்றுக்குள் தேன் நிறமும் பால் வெள்ளையுமாக மின்னிய கற்கள், கரூர் வந்து சேர்வதற்குள் காய்ந்து வெளிறிவிட்டன. கல்லின் மேல் இருக்கும் நுண்ணிய சொரசொரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அப்படி. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பியிருக்கும் வரை நிறம் தெரியும். சொரசொரப்பையே தேய்த்து எடுத்துவிட்டால் ஈர நிறம் கல்லில் நின்றுவிடும். அதற்கு ஒரு இயந்திரம் வாங்கலாம் என்று இறங்கியபோதுதான் இந்தக் கேள்வி வந்தது: சுழல் உருளையா, அதிர்வுக் கிண்ணமா?

நான் வாங்கியது சுழல் உருளை. ஒன்றரை வருடமாக ஓடுகிறது. அதிர்வுக் கிண்ணம் நண்பருடையது. ஒரு கோடை முழுக்க என் வீட்டில் வைத்து ஓட்டினேன். ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதை ஒரு கோடையின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உருளையின் வேலை எளிமையானது. மூடிய ரப்பர் டப்பாவுக்குள் கல், தண்ணீர், கல்லைத் தேய்க்கும் கார்பொரண்டம் தூள். டப்பா இரண்டு தண்டுகளின் மேல் படுத்து மெதுவாகச் சுற்றுகிறது. கற்கள் மேலேறிச் சரிந்து ஒன்றோடொன்று உரசுகின்றன. குஜராத்தின் கம்பாத்தில் முன்பெல்லாம் அகேட் என்ற கல்லில் செய்த மணிகளைத் தோல்பையில் எமரி என்ற தேய்ப்புத் தூளும் தண்ணீரும் சேர்த்துக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றுவார்கள். அந்த இரண்டு பேரின் இடத்தில் இங்கே ஒரு சின்ன மோட்டார். அதிர்வுக் கிண்ணத்தில் கற்கள் உருண்டு விழுவதில்லை. அடியிலுள்ள மோட்டாரின் ஒருபக்க எடை கிண்ணத்தைக் குலுக்க, கற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்தபடியே தேய்கின்றன. அதனால் கல்லின் வடிவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். உருளை கல்லை உருண்டையாக்கும்.

நேரத்தில் கிண்ணத்துக்குத்தான் வெற்றி. உருளையில் 60/90 தூள், 120/220, 500 (எண் கூடக் கூடத் தூள் நைசாகும்), கடைசியில் அலுமினியம் ஆக்சைடு மெருகுத்தூள் என்று நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு வாரம். குழி விழுந்த ஆற்றுக்கல்லுக்கு முதல் கட்டமே மூன்று வாரம் பிடிக்கும். கிண்ணத்தில் ஒவ்வொரு கட்டமும் ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது. ஆனால் குழிகளைத் தேய்த்து எடுக்கும் முரட்டு வேலை அதற்குச் சரிவராது. தூள் செலவு கிண்ணத்தில் குறைவு. சத்தம் இரண்டிலும் உண்டு. படுக்கையறைக்குப் பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் கிண்ணம்தான் தேவலை என்று தோன்றும். எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு.

கிண்ணத்தில் ஊற்றுவது கல் நனைகிற அளவுக்குச் சில கரண்டித் தண்ணீர்தான். தூளும் தண்ணீரும் சேர்ந்த குழம்பு, தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்த்த பதத்தில், கல்லில் மெல்லியதாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கெட்டியானால் கற்கள் நகராது. நீர்த்துப்போனால் தூள் கல்லில் ஒட்டாமல் அடியில் தங்கிவிடும். காலையிலும் மாலையிலும் மூடியைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்து, தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. கரூர் மே மாதத்தில் அதுவும் போதவில்லை. மதியத்துக்கும் ஒரு தடவை. ஒரு சனிக்கிழமை உறவில் கல்யாணம் என்று காலையில் போய் இரவு திரும்பினேன். நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. குழம்பு கிண்ணத்தின் அடியில் சிமெண்ட் மாதிரி இறுகி, கற்கள் அதில் பாதி புதைந்து நின்றன. மரக்குச்சியும் வெந்நீருமாக இரண்டு நாள் சுரண்டினேன். நண்பரின் பொருளாயிற்றே என்ற பதற்றம் வேறு.

அதே கோடையில் உருளை மூடிய டப்பா என்பதால் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆவியாகவில்லை. கரண்ட் போனால் நிற்கும், வந்தால் சுற்றும். முதல் கட்டத்தில் சில கற்கள் வாயுவை வெளியேற்றி மூடியை உப்ப வைக்கும். அதற்காக தினம் ஒரு தடவை திறந்து மூடினால் போதும். திரும்ப மூடும்முன் விளிம்பில் ஒட்டிய தூளைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். ஒரு மணல் துணுக்கு இருந்தாலும் கசியும்.

பழுது விஷயத்திலும் அப்படித்தான். ஒரு வருடத்தில் உருளையின் பெல்ட் அறுந்தது. பழைய பெல்ட்டைப் பேரிங் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அதைச் சுற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு அதே சுற்றளவில் ஓ-ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துப் போட்டார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. தண்டு உட்காரும் புஷ்ஷுக்கு மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். அதிர்வு இயந்திரத்தில் மோட்டார் தன்னைத்தானே குலுக்கிக்கொண்டு ஓடுவதால் பேரிங் மேல் சுமை அதிகம். நண்பருடையது இரண்டாம் வருடமே முனகத் தொடங்கியது. எல்லா இயந்திரமும் அப்படியா என்று ஒன்றை மட்டும் வைத்து நான் சொல்லிவிட முடியாது. ஆனால் வேலைக்குப் போய்வருகிற ஒருவர் ஒரு நாள் மறந்தாலும் பொறுத்துக்கொள்வது உருளைதான்.

எதை வாங்கினாலும் கல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. எல்லாம் ஒரே கடினத்தில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வெள்ளைப் படிகக்கல், கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 7, தாராளமாகப் போடலாம். அபிரகம் (மைக்கா) மினுக்கும் பாறைத்துண்டு வேண்டாம். அபிரகம் முதலில் தேய்ந்து குழி விழும். வினிகர் விட்டால் நுரைக்கிறதா, அது சுண்ணாம்புக்கல். கடினம் 3தான், படிகத்தோடு போட்டால் கரைந்தே போகும். டப்பாவை மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நிரப்புங்கள். குறைத்துப் போட்டால் கல் உயரத்திலிருந்து விழுந்து சில்லு பெயரும். மெருகு வந்துவிட்டதா என்று பார்க்கும்போது கல்லைத் துடைத்து, காயவைத்து, வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகுதான்.

கழிவுக் குழம்பைச் சிங்க்கில் ஊற்றவே கூடாது, குழாய்க்குள் இறுகிவிடும். பழைய வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையில் போடுகிறேன்.

கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் அதை அதிர்வுக் கிண்ணத்தில் போடாமல், இரண்டு டப்பா வைத்த உருளையாக வாங்குங்கள். ஒன்றை மெருகுக் கட்டத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். எவ்வளவு கழுவினாலும் முரட்டுத் தூள் ரப்பரின் இடுக்கில் ஒளிந்திருக்கும். அதில் ஒரு துணுக்கு கடைசி வாரத்தில் வெளியே வந்தால், ஒரு மாத உழைப்பில் கீறல் விழும்.