பழைய விபி6-க்குள் டாட்நெட்: எந்த வழி?

1998-ல் வந்த விபி6-ல் (விஷுவல் பேசிக் 6) எழுதிய பில்லிங் புரோகிராம். பில்லில் க்யூஆர் கோடு வேண்டும், அதற்கான லைப்ரரியோ டாட்நெட் மொழியான சி ஷார்ப்பில் இருக்கிறது. மொத்தத்தையும் திருப்பி எழுத நேரமும் இல்லை, காசு தர ஆளும் இல்லை. இரண்டையும் எப்படிக் கோர்ப்பது?

முதல் வழி காம் இன்டர்ஆப்: விண்டோஸின் பழைய "காம்" இணைப்பு முறை வழியாக டாட்நெட் கிளாஸை விபி6-க்குக் காட்டுவது. சி ஷார்ப் கிளாஸுக்கு ஒரு இன்டர்ஃபேஸ், காம்விசிபிள் குறிப்பு, அளவுரு இல்லாத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர், அவ்வளவுதான். கிளாஸை விண்டோஸில் பதிவு செய்யும் ரெக்ஆசம் கருவியை டிஎல்பி சுவிட்சோடு ஓட்டினால் டைப் லைப்ரரி (கிளாஸில் என்னென்ன இருக்கிறது என்ற விவரம்) கிடைக்கும், விபி6-ல் ரெஃபரன்ஸ் சேர்த்து வழக்கம்போல நியூ போடலாம். சி ஷார்ப்பில் எறியும் எக்ஸெப்ஷன் (பிழை) கூட இந்தப் பக்கம் எர்ர் ஆப்ஜெக்டில் வந்து நிற்கும்.

தலைவலி எல்லாம் பதிவு செய்வதில்தான். 64 பிட் விண்டோஸில் ரெக்ஆசம் இரண்டு இருக்கும். ஃபிரேம்வொர்க்64 ஃபோல்டரில் உள்ளதை ஓட்டினால் "வெற்றி" என்றே சொல்லும். ஆனால் அந்தப் பதிவு 32 பிட்டான விபி6-க்குத் தெரியாது, ஆப்ஜெக்டை உருவாக்க முடியவில்லை என்று 429 எர்ரர் காட்டும். இதில் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். அப்புறம், டிஎல்எல் இருக்கும் இடத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும் கோட்பேஸ் சுவிட்சை விட்டுவிட்டால் டிஎல்எல்லை எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் தேடும். விபி6 எடிட்டருக்குள் ஓட்டும்போது அந்த எக்ஸ்இ விபி6-தான், நம் புரோகிராம் இல்லை. கம்பைல் செய்தால் ஓடுவது எடிட்டரில் ஓடாததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, சி++/சிஎல்ஐ பாலம்: சாதாரண சி++-ஐயும் டாட்நெட்டையும் கலந்து எழுத விடும் மொழி. பழைய புரோகிராம் எம்எஃப்சி-யில் (மைக்ரோசாஃப்டின் சி++ லைப்ரரி) எழுதியது என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். ஓரிரு ஃபைலை மட்டும் சிஎல்ஆர் சுவிட்சோடு கம்பைல் செய்தால் போதும், ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டியதில்லை. விபி6-லிருந்தும் டிக்ளேர் (டிஎல்எல் ஃபங்ஷனை அறிவிக்கும் வரி) போட்டு அழைக்கலாம். ஆனால் ஒரு க்யூஆர் கோடுக்காக மூன்றாவது மொழி ஒன்றைப் பராமரிக்க எனக்கு மனம் வராது.

மூன்றாவது, நேட்டிவ் ஏஓடி, அதாவது முன்கூட்டியே இயந்திர மொழிக்குக் கம்பைல் செய்வது. சி ஷார்ப் நேரடியாக நேட்டிவ் டிஎல்எல் ஆகிவிடும், கடை கம்ப்யூட்டரில் டாட்நெட்டே வேண்டாம். டாட்நெட் 7-லேயே வந்தது என்றாலும் 32 பிட் விண்டோஸுக்கு டாட்நெட் 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டாட்டிக் மெத்தட்களை மட்டுமே வெளியே காட்ட முடியும். ஸ்ட்ரிங்கைப் பாயின்டராகத்தான் அனுப்ப வேண்டும். ஒரு எக்ஸெப்ஷன் எல்லை தாண்டினால் புரோகிராமே விழுந்துவிடும். ரிஃப்ளெக்ஷனை (ஓடும்போதே கிளாஸ்களை ஆராய்வது) நம்பியிருக்கும் லைப்ரரிகள் பல இதில் மக்கர் செய்யும்.

க்யூஆர் கோடு மாதிரி ஒரே ஒரு ஃபங்ஷன் என்றால் இன்று ஏஓடியைத்தான் முதலில் முயல்வேன். இருபது கிளாஸ், ஈவென்ட் என்று போனால், சரி, ரெக்ஆசமோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். 32 பிட் ஃபோல்டரில் உள்ளதோடு.