சுவர்ப்பலகையா, புலனக் குழுவா, 555 புத்தகமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் 1-க்கு வகுப்பாசிரியையாகப் போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, 32 பிள்ளைகளின் நடத்தையும் படிப்பும் மனத்தில் நிற்காது, எழுதி வைத்தே ஆகவேண்டும் என்று. சுவர்ப்பலகை, புலனக் குழு (வாட்ஸ்அப் குழு), 555 புத்தகம் என்று மூன்று வழிகளையும் செய்து பார்த்தேன். இப்போது கையில் இருப்பது 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன்கணக்கு எழுதுவார்களே, அந்தச் சின்னப் புத்தகமேதான்.

பிரம்பு இந்தப் பேச்சிலேயே வராது. 1959-ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகள்படி தலைமையாசிரியரோ அவர் அனுமதித்த ஆசிரியரோதான் அதைத் தொடலாம். மாணவிகளுக்கு அறவே கூடாது.

சுவரில் பெயர் எழுதி நட்சத்திரம் ஒட்டுவது இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மூன்றாவது வாரத்தில் அதே ஆறு பேர்தான் மேலே. கீழே இருந்தவர்கள் பலகைப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார்கள். பதின்மூன்று வயதில் கூட்டாளிகள் முன்னால் தாழ்ந்து நிற்பது பெரிய வலி. ஆனால் தமிழ்த் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கும் என் அக்காவுக்கு இதே பலகை நன்றாகக் கைகொடுக்கிறது.

புலனக் குழு, தேர்வுத் தேதி சொல்லவும் பேருந்து தாமதத்தைச் சொல்லவும் போதும். நடத்தையைப் பற்றி அதில் வாய் திறக்கக்கூடாது. “சிலர் வீட்டுப்பாடம் செய்யவில்லை” என்று ஒருமுறை போட்டேன். அன்றிரவு ஐந்து அம்மாக்கள் தனித்தனியே, “எம் புள்ளையா டீச்சர்?” என்று கேட்டார்கள். விடியுமுன்னே தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவர்களின் தூக்கத்தைக் கெடுத்ததுதான் மிச்சம்.

எனக்கு முடிவைத் தந்த கேள்வி ஒன்றுதான்: விளையாட்டுப் போட்டிப் பயிற்சி, மதிப்பெண் பதிவு என்று எல்லாம் ஒன்றாக வந்து விழும் பத்தாவது வாரத்திலும் இதை விடாமல் செய்ய முடியுமா? பலகையில் ஒரு நாள் விட்டால், “நேத்து எனக்கு ஒட்டலையே டீச்சர்” என்று நியாயமாகவே கேட்பார்கள். குழுவில் போட்டது நான்கு நாளில் எங்கோ மேலே போய்விடும். 555 புத்தகங்கள் பிள்ளைக்கு ஒன்றாக ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு நான்கு எடுப்பேன். தேதி போட்டு நடத்தைக்கு ஒரு வரி, படிப்புக்கு ஒரு வரி, இரண்டு நிமிடம். எழுதியதைக் கடைசியில் வைத்துவிடுவேன். எட்டுப் பள்ளி நாளில் 32-ம் ஒரு சுற்று வந்துவிடும். ஒரு வாரமே விட்டுப்போனாலும் முன்னால் இருப்பதுதான் அடுத்தது. யாருக்கும் குறை இல்லை. சத்தமே போடாத பிள்ளைகளின் முறையும் தானாக வருகிறது. எழுத ஒன்றுமில்லாமல் விழித்த அன்றுதான், ஒரு மாணவியோடு இரண்டு வாரமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று உறைத்தது.

இரண்டு வரியும் ஒரே பக்கத்தில் இருப்பதன் பலனை ஒரு பையனிடம் கண்டேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன். இரண்டு மாதத்தில் ஐந்து முறை வகுப்பைக் கலைத்திருந்தான். அதில் நான்கு, வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்ன நாட்கள். மலாயில் நீண்ட வாக்கியம் வந்தால் அவனுக்கு ஓடவில்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கூச்சல் போட்டிருக்கிறான். மாணவர் நடத்தையைப் பதியும் எஸ்எஸ்டிஎம் இணையப் பதிவில் அவன் குற்றம் மட்டும் இருக்கும், வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 2 மட்டும் இருக்கும். ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-லும் படிவம் 3 தேர்வான பிடி3 2022-லும் நின்றபிறகு, 1 முதல் 6 வரையிலான இந்த அடைவுநிலைக்கு எடை கூடிவிட்டது. அதைக் கொடுக்கவும் தேதியிட்ட வரிகள் உதவுகின்றன. இப்போது வாசிக்க வேண்டிய பத்தியை முதல் நாளே அவனோடு உட்கார்ந்து படித்துவிடுகிறேன். கூச்சல் குறைந்தது. வாசிப்பு இன்னும் தட்டுத்தடுமாறித்தான்.

மாதம் ஒருமுறை புத்தகம் வீட்டுக்குப் போகும். பள்ளிக் கடிதங்கள் மலாயில் போவதால் படிக்க முடியாத அம்மாக்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். அதனால் கோபத்தில் எதையும் எழுதுவதில்லை. பெற்றோர் பார்க்கும் முதல் வரி நல்ல செய்தியாக இருக்கும்.

இது ஓராண்டு, ஒரே வகுப்பின் அனுபவம். ஐந்தாறு வகுப்புகளுக்குப் பாடம் மட்டும் எடுக்கும் ஆசிரியருக்கு இத்தனை புத்தகம் தாங்குமா என்று நான் பார்த்ததில்லை. படிவம் 4, 5 பிள்ளைகள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ, அதுவும் தெரியாது. அடுத்த ஆண்டு 40 பேர் வந்தால் ஒரு நாளைக்கு ஐந்து எடுக்கப் போகிறேன்.