பித்தளையா, செம்பா, வெள்ளியா? பூச்சில்லாத உலோகப் பேனாக்கள் நிறம் மாறும் விதம்

மேற்பூச்சு எதுவும் இல்லாத உலோக இங்க் பேனாவை வாங்க நினைப்பவரிடம், அது பித்தளையானாலும் செம்பானாலும் வெள்ளியானாலும், விற்பவர் சொல்வது ஒன்றுதான்: பழகப் பழக அழகு கூடும். மூன்றும் காலப்போக்கில் நிறம் மாறுகின்றன என்பது உண்மை. ஆனால் மாறுவதற்கான காரணம் மூன்றுக்கும் ஒன்றாக இல்லை. செம்பும் பித்தளையும் பெரும்பாலும் கை பட்டு மாறுகின்றன. வெள்ளியோ கை படாமல் கிடந்தால்தான் விரைவாகக் கறுக்கிறது. மதுரை போன்ற வெயிலும் வியர்வையும் மிகுந்த ஊரில் பேனா வாங்குபவருக்கு, விலையையும் நிப்பின் தரத்தையும் காட்டிலும் இந்த வேறுபாடே முதலில் தெரிந்திருக்க வேண்டியது என்று நினைக்கிறேன்.

வாங்கும் பேனா உண்மையிலேயே பூச்சில்லாததா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பித்தளை நிறத்தில் பளபளக்கும் பல பேனாக்கள் மெல்லிய வார்னிஷ் பூசப்பட்டவை. வெள்ளிப் பேனாக்களில் சில ரோடியம் முலாம் பூசப்பட்டவை. முலாம் தேயும் வரை வெள்ளி கறுக்காது. வார்னிஷ் பூசிய பித்தளைதான் மூப்படைவதில் மிக மோசமானது. பூச்சில் கீறல் விழுந்த இடத்தில் நுழையும் ஈரம் பூச்சுக்கு அடியிலேயே பரவித் திட்டுத் திட்டாகக் கறுப்பதால், அதைத் துடைக்கவும் முடியாது, அப்படியே விட்டு ரசிக்கவும் முடியாது. கையில் சில நாள் வைத்திருந்த பிறகு விரல் ரேகை மங்கலாகப் படிந்து, ஈரத்துணியால் துடைத்தும் போகாமல் இருந்தால், அது பூச்சில்லாத பித்தளை என்று பெரும்பாலும் நம்பலாம்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஜெர்மனியின் கவேக்கோ நிறுவனம் தன் ஸ்போர்ட் வரிசையில் விற்கும் பித்தளைப் பேனாவை இதற்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கில் 10 கிராமை ஒட்டி நிற்கும் அதே வடிவம் பித்தளையில் 40 கிராமைத் தாண்டுகிறது. அதன் மூடி எட்டுப் பட்டை கொண்டது. பட்டைகள் சந்திக்கும் விளிம்புகள் சட்டைப்பையிலும் விரல்களிலும் ஓயாமல் உரசுவதால் பொன்னிறம் மாறாமல் நிற்க, பட்டைகளின் தட்டையான நடுப்பகுதி முதலில் தேன் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் போகிறது. மூடியில் பொறித்த எழுத்துகளின் பள்ளத்தில் கருமை தங்குகிறது. மூடியைக் கழற்றி, திருகு மரையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மரையின் பள்ளங்களில் நூலிழை அளவுக்குப் பச்சை படிந்திருப்பது தெரியும். வியர்வையின் உப்பும் நிப்பிலிருந்து கசிந்த மையும் துடைப்புக்கு எட்டாமல் தேங்கும் இடம் அது. வெளிப்புறத்தின் பழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனும் கையின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து உண்டாக்குவது. அது உலோகத்தைக் காக்கும் மெல்லிய போர்வை. மரையிலுள்ள பச்சையோ அரிப்பின் அடையாளம். முன்னதை விட்டுவிடலாம், பின்னதை விடக்கூடாது. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றும் வெதுவெதுப்பான தண்ணீரும் அதற்குப் போதும்.

மதுரை கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதும் இங்கே கணக்கில் வருகிறது. இராமேசுவரத்திலோ தூத்துக்குடியிலோ உப்புக்காற்று படும் பித்தளையில் பச்சை எளிதில் பூத்துவிடும். மதுரையில் ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களைத் தவிர்த்தால் காற்றின் ஈரம் அவ்வளவு கொடுமையானதல்ல. இங்கே பித்தளையின் முதல் எதிரி, அல்லது முதல் நண்பன், நம் உள்ளங்கை வியர்வைதான். சிலருடைய வியர்வை பட்ட மாத்திரத்தில் பித்தளை கறுத்துவிடும். வேறு சிலரிடம் அதே பேனா மாதக்கணக்கில் மஞ்சளாகவே இருக்கும். ஆகவே அடுத்தவரின் பேனாப் படத்தைப் பார்த்து நம் பேனாவும் அப்படியே ஆகும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

செம்பில் இவை எல்லாம் இன்னும் விரைவாக நடக்கின்றன. புதிதாகக் கடைந்த செம்புப் பேனாவின் ரோஜாச் சிவப்பு சில வாரங்களில் மங்கிவிடும். முதலில் செம்மை கலந்த பழுப்பு ஆக்சைடு படிந்து, அது பழகிய பிறகு கருமை ஏறுகிறது. உயிரோடு ஆணவம் என்னும் மலம் (அழுக்கு) அனாதியாகவே ஒட்டியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் செம்பில் களிம்பையே எடுத்துக்காட்டும். தத்துவத்துக்கு அது பொருந்தலாம். பேனா வைத்திருப்பவருக்கு, களிம்பு வெளியிலிருந்து, அதுவும் தன் கையிலிருந்தே வருகிறது என்பது ஒரு வாரத்தில் விளங்கிவிடும். செம்புப் பேனா வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் குறை அதன் வாடை. அந்த வாடை உலோகத்துடையதன்று. நம் தோலின் எண்ணெய்ப் பசை உலோகம் பட்டுச் சிதைவதால் எழுவது. எழுதி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ நினைப்பவர்கள் செம்பைத் தவிர்ப்பது நல்லது. பித்தளையிலும் இது உண்டு, ஆனால் செம்பைவிடக் குறைவாகத் தோன்றுகிறது. தூய செம்பு மென்மையானது. கீழே விழுந்தால் பித்தளையில் சிறு கீறலாக நிற்பது இதில் பள்ளமாகும். கடைசல் இயந்திரத்தில் பித்தளை பொடியாக உதிர்ந்து சுத்தமாக வெட்டுப்படும், செம்பு இழுபடும். செம்புப் பேனாக்களின் விலை கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். செம்பு பித்தளையைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக வெப்பம் கடத்துகிறது. வெள்ளி செம்பையும் மிஞ்சும். கோடையில் நாற்பது பாகையைத் தொடும் ஊரில், வெயிலில் நின்ற வண்டியின் பெட்டியிலிருந்து எடுத்த செம்புப் பேனா கையைச் சுடும் என்பது ஒரு பக்கம். உள்ளே மையை உறிஞ்சி வைக்கும் குழாயான கன்வெர்ட்டர் பாதி காலியாக இருந்தால், அதில் அடைபட்ட காற்று விரிந்து, நிப்புக்கு மை கொண்டுசெல்லும் நாக்கு வழியாக மையைத் தள்ளிச் சொட்டச் செய்யும் என்பது அதைவிடப் பெரிய தொல்லை. பேனாவை நிப் மேலே இருக்கும்படி வைத்துக் குளிரவிட்டு, பிறகு மூடியைத் திறப்பதே வழி. பேனாவின் உடலிலேயே நேரடியாக மை நிரப்பும் முறை செம்பு, பித்தளை இரண்டுக்கும் ஒவ்வாது. பல மைகள் அமிலத்தன்மை உடையவை, அவை செம்பைக் கரைத்துத் தாமும் கெடும். இரும்பு கலந்த பழைய பாணி மைகளில் அமிலம் இன்னும் அதிகம். அவற்றை விரும்புபவர்கள் புட்டியில் தோய்த்து நிரப்பிய உடனே பேனாவின் கழுத்தைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மை நின்ற மட்டத்தில் வட்டமாக ஒரு கோடு பதிந்துவிடும். அதை அழகென்று சொல்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் திருநெல்வேலி தாமிர சபை, மதுரை வெள்ளியம்பலம். பேனாவிலும் இந்த ஊருக்கு வெள்ளியே பொருந்தும் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்ளலாம்; உண்மையில் வெள்ளியின் கணக்கு முற்றிலும் வேறானது. ஸ்டெர்லிங் எனப்படும் பேனா வெள்ளியில் 92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. ஆக்சிஜன் வெள்ளியை எளிதில் தொடாது; கந்தகம் கலந்த காற்றுதான் அதைக் கறுக்கச் செய்கிறது. சாக்கடை, அழுகும் குப்பை, முட்டை, கம்பளி, ரப்பர் எனக் கந்தகம் வரும் வழிகள் பல. ஆறாக இருந்து கழிவுநீர் ஓடையாகிவிட்ட கிருதுமால் கரையோரத்து வீடுகளில் வெள்ளி விளக்கு சீக்கிரம் கறுப்பதில் வியப்பில்லை. கறுக்கும் வழியில் வெள்ளி முதலில் வைக்கோல் மஞ்சளாகி, பழுப்பாகி, சிலவேளை ஊதாவும் நீலமும் காட்டிய பிறகே கருமை அடைகிறது. இவை சாயங்கள் அல்ல. மிக மெல்லிய கந்தகப் படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறங்கள். படலம் தடிக்கத் தடிக்க நிறமும் நகர்ந்துகொண்டே போகும். செம்பு, பித்தளை ஆகியவற்றின் பழுப்பைக் காட்டிலும் இந்த இடைக்கால நிறங்களே எனக்கு உயர்வாகத் தோன்றுகின்றன. ஆனால் அவை நிலைப்பதில்லை.

அந்தப் படலம் மென்மையானது. விரலும் துணியும் பட்டாலே தேய்ந்துவிடும். ஆகவே நாள்தோறும் எழுதும் வெள்ளிப் பேனா, கை பிடிக்கும் இடத்தில் நிலவொளி போன்ற மங்கலான வெண்மையிலேயே நின்றுவிடுகிறது. அலமாரியில் கிடக்கும் பேனாதான் கரியாகிறது. பார்க்கர் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த 75 என்னும் வெள்ளிப் பேனாவில் உடல் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டக் கோடுகள் வெட்டப்பட்டிருக்கும். கோடுகளின் பள்ளத்தில் கருமை தங்கி, மேடு மட்டும் கைபட்டு வெளுத்து நிற்பதால்தான் அந்தக் கட்டங்கள் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிகின்றன. பள்ளம் வரை துலக்கிவிட்டால் பேனா வெறும் வெள்ளைக் குழாயாகத் தோன்றும். (1715இல் புளோரிடா கரையோரம் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களிலிருந்து மீட்ட வெள்ளியைக் கொண்டு 1965இல் இதே வகையில் 4,821 பேனாக்கள் செய்யப்பட்டன. சேகரிப்பவர்கள் இன்றும் தேடும் பேனா அது.)

வெள்ளிப் பேனாவை எங்கே வைக்கிறோம் என்பதில் நம் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்னிந்தியாவில் கையால் கடையும் பேனாக்கள் பெரும்பாலும் எபோனைட்டால் ஆனவை. எபோனைட் என்பது கந்தகம் நிறையச் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். இரண்டையும் ஒரே பெட்டியில் மூடி வைத்தால், வெள்ளிக்குத் தேவையான கந்தகத்தை எபோனைட்டே கொடுத்துவிடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பதும் அப்படித்தான். பேண்டு இருந்த இடம் கருங்கோடாகவே தெரியும். தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் வெள்ளிப் பொருளைச் சுற்றித் தருகிற மெல்லிய ரோஸ் காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வைப்பதே போதுமானது.

மற்ற உலோகங்களை நீட்டி அலச வேண்டியதில்லை. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. பித்தளைக்கும் செம்புக்கும் இடைப்பட்ட நிறத்தில் மெதுவாகக் கறுக்கிறது. துருப்பிடிக்காத எஃகும் டைட்டேனியமும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தால் தம்மைத் தாமே மூடிக்கொள்வதால் நிறம் மாறுவதில்லை, கீறல் மட்டுமே வாங்குகின்றன. பூச்சில்லாத அலுமினியம் மங்கிச் சாம்பல் நிறமாகி விரலிலும் சாம்பலை ஒட்டும். அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துலக்குவதில் வீட்டுப் பழக்கத்தை அப்படியே பேனாவுக்குக் கொண்டுவரக் கூடாது. புளியின் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைக்கிறது. குத்துவிளக்கு பளிச்சிடுவது அதனால்தான். ஆனால் புளியைப் பூசி நெடுநேரம் விட்டால் பித்தளையின் மேற்பரப்பில் செம்பு தலைகாட்டிச் சிவந்த திட்டுகள் விழும். எலுமிச்சையோடு உப்புச் சேர்த்துத் தேய்த்தால் மரைக்குள் தங்கும் உப்பே அடுத்த களிம்புக்கு வித்தாகும். எனவே நிப், நாக்கு, கன்வெர்ட்டர் யாவற்றையும் கழற்றிவிட்டு, புளித் தண்ணீரில் நனைத்த துணியால் வெறும் உலோகத்தை மட்டும் துடைத்து உடனே கழுவி ஈரம் போக உலர்த்த வேண்டும். காய்ந்த மையைக் கரைக்கப் பேனாக்காரர்கள் பயன்படுத்தும் அம்மோனியா கலந்த கழுவுநீர் பிளாஸ்டிக் பேனாவுக்குச் சரி. பித்தளையை அதில் ஊறவைப்பது ஆபத்து. ஆங்கிலேய ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்று 1921இல்தான் தெளிவாயிற்று. அழுத்தத்துக்கு உள்ளான பித்தளையை அம்மோனியா பிளக்கும். மூடி இறுக்கமாகத் திருகப்படும் பேனாவில் அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

வெள்ளிக்கு வீட்டில் திருநீறு போட்டுத் தேய்க்கிறார்கள். சாம்பல் மிக மெல்லிய அரம்போல வேலை செய்வதால் கருமையோடு சிறிது வெள்ளியும் போகும். விளக்குக்கு அது பெரிதில்லை, 925 என்ற முத்திரையும் நுண்கோடுகளும் உள்ள பேனாவுக்குப் பெரிது. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சூடான நீரும் சமையல் சோடாவும் விட்டு வெள்ளி மூடியைத் தாளில் படும்படி வைத்தால், கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விட, வெள்ளி வெள்ளியாகவே திரும்புகிறது. ஆனால் அது பள்ளத்துக் கருமையையும் சேர்த்தே எடுத்துவிடும். உள்ளே பிளாஸ்டிக்கோ பசையோ உள்ள பாகங்களை அதில் போடவும் கூடாது.

பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நாள் முழுவதும் எழுதும் ஆவண எழுத்தருக்கு நான் வெள்ளியைத்தான் சொல்வேன், வாங்க வசதியிருந்தால். ஓயாத கை அதைத் துலக்கிக்கொண்டே இருக்கும், வாடையும் இல்லை, சட்டைப்பையில் பச்சைக் கறையும் விழாது. வாரத்தில் சில நாள் நாட்குறிப்பு எழுதுபவருக்கும், பையில் போட்டு எடுத்துச் செல்பவருக்கும் பித்தளை. விலை குறைவு, உறுதி அதிகம், பிடிக்காவிட்டால் ஒரு துண்டு புளியில் பழைய நிலைக்குத் திரும்பலாம். செம்பை, நிறத்துக்காகவே ஆசைப்பட்டு, வாடையையும் பள்ளங்களையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக உள்ளவர் மட்டும் வாங்கட்டும். வேகவைத்த முட்டையோடு பெட்டியில் மூடி ஒரே இரவில் கறுக்கவைக்கும் குறுக்குவழி எந்த உலோகத்துக்கும் வேண்டாம். அதில் விளிம்பும் பள்ளமும் ஒரே கறுப்பாகிவிடும், பிடித்த விரலின் தடம் எங்கும் இராது.