கோத்தகிரி ஹட்டிகளும் சிக்னல் செயலியும்: நான்கு ஆண்டு அனுபவம்

நீலகிரியில் கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) சிறு தேயிலை விவசாயிகளுக்கு மானிய விண்ணப்பம் எழுதித் தருவது என் தொழில் என்பதால், ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்கள் நாள்தோறும் என் கைப்பேசிக்கு வருகின்றன. ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில், நான் அச்செடுக்கக் கொடுத்த ஓர் அம்மாவின் ஆதார் மூன்று மாதம் கழித்தும் திறந்தபடி கிடந்ததைக் கண்டு பதறித்தான், 2021 ஜனவரியில் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு மாறினேன்.

ஒரு வாரத்தில் படங்கள் இரு கைப்பேசிகளிலிருந்தும் தாமாக அழியும்படி வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது பாதுகாப்பு எண்; இடையில் வேறு யாரும் இல்லை என்று சரிபார்க்க, பேசுகிற இருவரின் கைப்பேசியிலும் ஒன்றுபோலத் தெரியும் எண் அது. பெரியவர் ஒருவர் கைப்பேசியை மாற்றியதும் அந்தப் பாதுகாப்பு எண் மாறிவிட்டதாகச் செயலி அறிவித்தது. அவருடைய கேமரா கண்ணாடி விரிசல் விட்டு, எண்ணை ஸ்கேன் செய்ய முடியாததால், இலை எடை போடும் கொட்டகையில் நின்று 60 இலக்கங்களையும் ஐந்தைந்தாக அவர் வாசிக்க, நான் சரிபார்த்தேன். "எடைச்சீட்டு ஒத்துப்பாக்குற மாதிரியே இருக்கு தம்பி" என்றார்.

ஒருமுறை ஆடி மழையில் என் கைப்பேசி ஓடையில் விழுந்தது. காப்புப் பிரதி எடுத்து வைக்காததால் பழைய உரையாடல்கள் அனைத்தும் போயின. செய்திகளைப் பூட்டித் திறக்கும் திறவுகோல் பேசுகிற இருவரின் கருவிகளில் மட்டுமே இருக்கிறது என்பதன் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்றுக்குச் சிக்னலால் கொடுக்க முடிந்தது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே.

இதைத்தான் அரசுகள் தளர்த்தச் சொல்கின்றன. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிந்து சொல்ல வேண்டும் என்ற இந்தியாவின் 2021ஆம் ஆண்டு விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்ற வாட்ஸ்அப், குறியாக்கத்தை, அதாவது இந்தப் பூட்டை, உடைக்கச் சொன்னால் வெளியேறுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே கூறியது. பிரிட்டன் அரசின் நெருக்குதலுக்குப் பின், 2025 பிப்ரவரியில் ஆப்பிள், ஐகிளவுட் சேமிப்பைப் பயனர் மட்டுமே திறக்கும்படி பூட்டும் தன் உயர்நிலைத் தரவுப் பாதுகாப்பை அந்நாட்டின் புதிய பயனர்களுக்கு நிறுத்தியது. குற்றவாளிகளைப் பிடிக்க வேண்டும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் காவல்துறைக்கென வைத்த வாசல் காவல்துறைக்கு மட்டும் திறப்பதில்லை. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களில் நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்க அமைத்திருந்த ஏற்பாடுகளுக்குள்ளேயே சீன ஊடுருவிகள் புகுந்தது 2024இல் வெளிவந்தது.

விண்ணப்பத்துக்கு அச்சுப் பிரதி இன்னும் தேவைப்படுகிறது. அதே ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறேன். அச்சானதும், கோப்பைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கச் சொல்லி, நீக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.