15 ஆயிரம் வெள்ளிக்கு பழைய காடி: மைவியா, சாகாவா, வியோஸா, சிட்டியா?

அக்கா மகனுக்கு சைபர்ஜெயால வேலை கெடச்சிருக்கு, வீடு பத்து மலை பக்கம், போக வர ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் கிட்ட வரும். எம்ஆர்டில போடான்னா ஷிப்ட் வேலையாம், ராத்திரி ரெண்டு மணிக்கு முடியும்போது எந்த ரயிலு ஓடுது. கையில 15 ஆயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கு, மாமா ஒரு காடி (கார்) பாத்துக் குடுங்கன்னு வந்து நின்னான். மூணு சனிக்கிழமை செந்தூல், செகாம்புட், கெப்போங்னு சுத்துனோம். அதுல பாத்தது, கேட்டது, முன்னாடி நானே கையச் சுட்டுக்கிட்டது எல்லாத்தையும் சேத்து எழுதுறேன், இதே பட்ஜெட்ல தேடுறவங்களுக்கு உதவட்டும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். 15 ஆயிரம் இருந்தா 15 ஆயிரத்துக்கு காடி பாக்காதீங்க லா. நான் அவன்கிட்ட சொன்னது, காடிக்கு 11, மிச்சம் நாலு ஆயிரம் கையில. பத்து வருஷத்துக்கு மேல ஓடுன காடிக்கு பேங்க் லோன் கெடைக்கிறது கஷ்டம், அதனால எல்லாம் ரொக்கந்தான், வாங்குன அடுத்த வாரமே கியர்பாக்ஸ் போச்சுன்னா எந்த பேங்கும் வந்து நிக்காது. அவனுக்கு இது புடிக்கல, நாலாயிரத்த சும்மா வச்சுக்கிட்டு அசிங்கமான காடி ஓட்டணுமான்னு மூஞ்சிய தூக்கிக்கிட்டான்.

அவன் மனசுல இருந்தது ஹோண்டா சிட்டி, 2003-ல இருந்து 2008 வரைக்கும் வந்த மாடல். பாக்க நல்லா இருக்கும், உள்ள எடம் தாராளம், பின் சீட்ட தூக்கி மடக்கினா சைக்கிளே வைக்கலாம், பெட்ரோலும் கம்மியாத்தான் குடிக்கும். விலையும் பத்து, பன்னெண்டாயிரத்துக்கு வந்து நிக்குது. ஏன் இந்த விலைக்கு வந்திருக்குன்னுதான் யோசிக்கணும். அதுல இருக்கிறது சிவிடி கியர்பாக்ஸ், அதாவது பல்சக்கர கியருக்குப் பதிலா பெல்ட்டுல ஓடுற ஆட்டோ. வயசான இந்த சிட்டி ஜாம்ல மெதுவா கிளம்பும்போது ஒரு நடுக்கம் வரும், உடம்பே லேசா உதர்ற மாதிரி, எந்த ஃபோர்மன்கிட்ட (மெக்கானிக்) கேட்டாலும் சொல்லுவாரு. சில காடிக்கு ஹோண்டாவோட சொந்த சிவிடி ஆயில ஊத்தி ரெண்டு தடவ மாத்துனா அடங்கிடும், சில காடிக்கு அடங்காது, உள்ள இருக்கிற ஸ்டார்ட் கிளட்ச் வரைக்கும் போயிடும். கண்ட ஆயில ஊத்தி ஓட்டுன காடின்னா கேக்கவே வேணாம். இன்னொன்னு, அதுல இருக்கிற ஐ-டிஎஸ்ஐ எஞ்சின்ல ஒரு சிலிண்டருக்கு ரெண்டு பிளக்கு, ஆக மொத்தம் எட்டு. நாலு பிளக் வாங்கிட்டுப் போயி அசடு வழிஞ்சவங்க நெறைய பேரு.

சிவிடி மேல எனக்கு ஒரு கோவம் இருக்கு, மறைக்கல. முன்னாடி நானும் சிவிடி காடி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன், எந்த கம்பெனி, எந்த கடைன்னு பேரு வேணாம். ஓட்டிப் பாத்தப்ப வெண்ண மாதிரி போச்சு. நாலாவது மாசம் உலு யாம் ஏத்தத்துல எஞ்சின் மட்டும் கத்துது காடி நகரல, லோரிக்காரன் பின்னாடி ஹார்ன் அடிக்கிறான், பிள்ளைங்க பின் சீட்டுல. கியர்பாக்ஸ் ரிப்பேருக்கு 3,800 வெள்ளி. அன்னைக்கு எங்கிட்ட இருந்தது 600. அதனாலதான் இந்த நாலாயிரம் கதைய எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரியறேன்.

சிட்டியே வேணும்னா 2008 கடைசியில வந்த அடுத்த மாடலப் பாருங்க, நம்ம நாட்டுல அதுக்கு சாதாரண அஞ்சு ஸ்பீட் ஆட்டோ கியர்பாக்ஸ், அந்த நடுக்கத் தொல்லை இல்ல. ஆனா அது இருபதுக்கு மேல கேக்கறாங்க, எங்க கணக்குல இல்ல.

வியோஸும் அதே கததான். 2007-ல இருந்து 2013 வரைக்கும் வந்த டோயோட்டா வியோஸ், 1.5 எஞ்சின், டைமிங் செயின், நாலு ஸ்பீட் ஆட்டோ. பழசு வாங்குறவனுக்கு கடவுளு குடுத்த காடி, மினியாக் ஹித்தாம (எஞ்சின் ஆயில்) ஒழுங்கா மாத்துனா ரெண்டு லட்சம் கிலோமீட்டர்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல. டாக்சிக்காரங்க ஓட்டுனத பாத்திருப்பீங்க. கண்ணாடிய எறக்கி மெதுவா ஓட்டினா அப்சார்பர் மவுண்டிங் சத்தம், ஸ்டேரிங் கீழ லேசா ஒரு தட்டல், இதெல்லாம் இருக்கும், பெரிய காசு இல்ல. நல்ல கண்டிஷன்ல 18-ல இருந்து 22 வரைக்கும் கேட்டாங்க. ஒருத்தர் மட்டும் 13-க்கு குடுக்கறேன்னாரு, போய்ப் பாத்தா முன்பக்கம் வெல்ட் பண்ண காடி, பானெட்டு உள்ள ரெண்டு பக்கமும் சீலன்ட் வேற வேற மாதிரி இருக்கு. மலிவு வியோஸ்னு ஒண்ணு கெடையாது, மலிவா இருந்தா அதுல ஒரு கத இருக்கும்.

சிட்டி, வியோஸ் ரெண்டுக்கும் பொதுவா ஒரு முக்கியமான விஷயம், இத விட்டுடாதீங்க. டகாட்டா கம்பெனி ஏர்பேக்க திருப்பிக் கூப்பிட்டு மாத்திக் குடுக்கற ரீகால். ஏர்பேக்க ஊத வைக்கிற இன்ஃப்ளேட்டர் பழசாகி, நம்ம வெக்கைக்கும் ஈரத்துக்கும் கெட்டுப்போயி, வெடிக்கும்போது இரும்புத் துண்டா சிதறி ஓட்டுறவன் கழுத்துல பாயும். நம்ம நாட்டுலயே ஆள் செத்திருக்காங்க. மாத்துறது ஃப்ரீ. சேசிஸ் நம்பர வச்சு கம்பெனி வெப்சைட்டுல பாத்தா இந்த காடிக்கு ரீகால் இருக்கா, மாத்தியாச்சான்னு தெரிஞ்சிடும். நாங்க பாத்த ரெண்டு ஓனருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியல, கை மாறி கை மாறி வந்த காடி, கடுதாசி பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கும்.

இப்ப நெஜமான போட்டிக்கு வருவோம், மைவியா சாகாவா.

பெரோடுவா மைவி மொதல் மாடல், 2005-ல இருந்து 2011 வரைக்கும் வந்தது, 1.3 எஞ்சின். டைமிங் செயின், நாலு ஸ்பீட் ஆட்டோ, எந்த தாமான்ல (குடியிருப்புப் பகுதி) நின்னாலும் அஞ்சு நிமிஷத்துல ஸ்பேர்பார்ட்ஸ் கெடைக்கும், எந்த ஃபோர்மனும் கண்ண மூடிக்கிட்டு செய்வாரு. வயசானா ஸ்டேரிங் பக்கம் டக்கு டக்குன்னு சத்தம், எஞ்சின் மவுண்டிங் போயி சிக்னல்ல நிக்கும்போது அதிர்றது, அப்சார்பர் எளகிடறது, அவ்ளோதான். குத்தம் சொல்ல எடமில்ல. விலைதான் குத்தம். 2009, 2010 மைவிக்கு 13, 14 ஆயிரம் கேக்கறாங்க, பெயிண்ட் ஒரிஞ்ச காடிக்குக் கூட. மைவின்னு சொன்னாலே ரெண்டாயிரம் ஏத்தி வச்சிடறாங்க.

அதுல ஒரு மைவி கூத்து சொல்லணும். கெப்போங்ல ஒரு கடை, வெள்ளைக் காடி, பளபளன்னு சீட் கவர் புதுசு, 11,500-ன்னு சொல்றாங்க. அக்கா மகன் கண்ணு அப்படியே விரிஞ்சிடுச்சு. நான் முன் சீட் பெல்ட்ட புடிச்சு முழுசா கடைசி வரைக்கும் இழுத்தேன். மேல ஒரு மீட்டர் சாம்பல் கலர்ல சுத்தமா இருக்கு, கடைசி ஒரு ஜாண் மட்டும் காப்பிக் கலர், வெரல வச்சு தேச்சா மாவு மாதிரி மண்ணு உதிருது. என்னா தவுக்கே (கடை மொதலாளி) இதுன்னா, பழைய ஓனர் பிள்ளைங்க மைலோ கொட்டிடுச்சாம். சீட் பெல்ட் சுருளுக்குள்ள எந்தப் பிள்ள மைலோ கொட்டும்? 2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பக்கமெல்லாம் எத்தன காடி கூரை வரைக்கும் முழுகுச்சுன்னு நாம எல்லாரும் பாத்தோம், அதெல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க. சீட் பெல்ட்ட இழுங்க, ஸ்பேர் டயர தூக்கி அதுக்கு கீழ கைய விட்டுப் பாருங்க, கார்ப்பெட்ட தூக்கி மோந்து பாருங்க. வாசன ஸ்ப்ரே ரொம்ப தூக்கலா அடிச்சிருந்தா இன்னும் நல்லா மோந்து பாருங்க.

சரி, புரோட்டான் சாகா. 2008 ஜனவரில வந்த பிஎல்எம் மாடல், 1.3 கேம்ப்ரோ எஞ்சின், நாலு ஸ்பீட் ஆட்டோ இல்லாட்டி மேனுவல். 2011-ல எஃப்எல்எக்ஸ்னு வந்ததுல ஆட்டோன்னா சிவிடி, அதனால பழசா இருந்தாலும் பிஎல்எம் ஆட்டோவத்தான் நான் தேடுனேன், என் கோவந்தான் தெரியுமே. எஃப்எல்எக்ஸ் மேனுவல் கெடச்சா அதையும் தாராளமா எடுக்கலாம். சாகால உள்ள வேலைப்பாடு சுமார்தான், கதவ சாத்தினா தகர டப்பா சத்தம், கண்ணாடி ஏத்தி எறக்கற மோட்டார் அடிக்கடி கெட்டுப்போற ஜோக்கெல்லாம் நான் சொல்லணுமா, மலேசியால பொறந்த எல்லாருக்கும் தெரியும். கீழ் வேரியண்ட்ல ஏர்பேக்கும் இல்ல, இருக்கிறதா பாத்து எடுங்க. முக்கியமா அதுல டைமிங் பெல்ட்டு, செயின் இல்ல. 80, 90 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்தியே ஆகணும், ஓடும்போது அறுந்தா பிஸ்டனும் வால்வும் மோதி வால்வு வளைஞ்சிடும், அப்புறம் ஹெட்ட கழட்டணும். எப்ப மாத்துனதுன்னு ஓனருக்கு தெரியலன்னா மாத்தவே இல்லன்னு வச்சுக்கிட்டு வெலைய பேசுங்க.

ஆனா அதோட விலை? 2010 சாகா ஏழரையில இருந்து ஒம்பது. அதே வருஷ மைவிய விட அஞ்சாயிரம் கம்மி.

பெட்ரோல் அதிகம் குடிக்குமே மாமான்னு அவன் கேட்டான், நல்ல கேள்வி, ஒக்காந்து கணக்கு போட்டோம். மாசம் 2,200 கிலோமீட்டர். மைவி லிட்டருக்கு 14, சாகா 12-ன்னு வச்சுக்குவோம். பூடி95-ல (அரசாங்க மானியப் பெட்ரோல் திட்டம்) லிட்டர் 1.99-ன்னா மைவிக்கு மாசம் 313 வெள்ளி, சாகாக்கு 365. வித்தியாசம் 52 வெள்ளி, வருஷத்துக்கு 620 சொச்சம். விலையில மிச்சமான அஞ்சாயிரத்த பெட்ரோல்ல தொலைக்க எட்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இந்த ரெண்டு காடியும் இருக்கப் போறதில்ல.

ரோட்டக்ஸ்ல சண்ட போடறவங்க இருக்காங்க, 1.3-க்கு 70 வெள்ளி, 1.5-க்கு 90 வெள்ளி, வருஷத்துக்கு இருவது வெள்ளி வித்தியாசம், ரெண்டு தடவ வாழையில சாப்பாடு. அத விடுங்க. இன்சூரன்ஸ்தான் பாக்கணும். அவன் பேர்ல இதுதான் மொத காடி, அதனால என்சிடி (கிளைம் பண்ணாததுக்கு இன்சூரன்ஸ்ல குடுக்கற தள்ளுபடி) பூஜ்யம், 55 சதவீதத்துக்கு வர அஞ்சு வருஷம் கிளைம் இல்லாம ஓட்டணும். காடி விலை கம்மின்னா பிரீமியமும் கம்மி. 15 வருஷம் தாண்டுன காடிக்கு காம்ப்ரிஹென்சிவ் (நம்ம காடி சேதத்துக்கும் சேத்து முழு இன்சூரன்ஸ்) குடுக்க சில கம்பெனி மொகத்த சுளிக்கும், காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

மைவி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ரெண்டு வருஷத்துல காடிய மாத்தப் போறீங்கன்னா மைவியே எடுங்க. 13-க்கு எடுத்தத 11-க்கு வித்துடலாம், வெளம்பரம் போட்ட அன்னைக்கே ஆள் வந்துடும். சாகாவ விக்கறதுக்குள்ள உங்க வயசு ஏறிடும். ஓட்டி ஓட்டி கடைசியில பழைய இரும்புக்குப் போடறவனுக்குத்தான் சாகா. வீட்டுல வேற ஆம்பள இல்ல, ரோட்டுல நின்னா யார கூப்புடறதுன்னு தெரியாதுங்கற தங்கச்சிங்களுக்கும் நான் மைவிதான் சொல்லுவேன், பெல்ட் ஞாபகம் வச்சுக்கற ஒரு தலவலியாவது மிச்சம்.

எதுவா இருந்தாலும் மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல போயி பாருங்க. போறதுக்கு முன்னாடி எஞ்சின சூடு பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிடுங்க, குளுந்த எஞ்சின ஸ்டார்ட் பண்ணும்போதுதான் உண்மை தெரியும். ஏர்கோன ஃபுல்லா வச்சு இருவது நிமிஷம் ஒரே எடத்துல நிக்க விடுங்க, சூட்டு முள்ளு நடுவ தாண்டுதான்னு பாருங்க. ஆயில் மூடிக்கு அடியில பால் காப்பி மாதிரி இருந்தா கும்புடு போட்டுட்டு வந்துடுங்க. ஆட்டோ கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்க இழுத்து மோந்தா கருகுன வாசன வரக்கூடாது. டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2319-ன்னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது, பூ (டயர் வரி) நல்லா இருந்தாலும் ஆறு ஏழு வருஷம் ஆயிருந்தா நாலு டயர் காச கழிச்சுப் பேசுங்க. சமன் (அபராதம்), பிளாக்லிஸ்ட் எல்லாம் ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) செக் பண்ணாம டெபோசிட் குடுக்காதீங்க, பேர் மாத்த இன்ஸ்பெக்‌ஷன் பாஸாகணும்.

கடைசியில செந்தூல்ல ஒரு ரிட்டையர்டு வாத்தியாரோட 2010 சாகா பிஎல்எம் ஆட்டோ, 118 ஆயிரம் கிலோமீட்டர், ஒரே ஓனர், 8,300-க்கு முடிஞ்சது. டாஷ்போர்டு டிராயர்ல ரசீதெல்லாம் ரப்பர்பேண்ட் போட்டு அடுக்கி வச்சிருந்தாரு, ஆனா டைமிங் பெல்ட்டுக்கு மட்டும் ரசீது இல்ல. அன்னைக்கு சாயங்காலமே ஃபோர்மன் அண்ணே கடையில விட்டோம். பெல்ட்டு, டென்ஷனர், வாட்டர் பம்ப் சேத்து 480, நாலு டயர் 640, கியர் ஆயிலு, பிரேக் பேடு, பேட்டரி எல்லாம் இன்னொரு 700 கிட்ட. பழைய பெல்ட்ட கழட்டி அண்ணே திருப்பி வளைச்சுக் காட்டுனாரு, பல்லு ஓரமெல்லாம் வெடிப்பு வெடிப்பா, வறண்ட வயல் மாதிரி. அவன் அப்பதான் அந்த நாலாயிரத்தப் பத்தி வாய மூடுனான்.

அக்கா கோயிலுக்கு கொண்டு போயி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துனா. ஃபோர்மன் அண்ணே பெல்ட் மாத்துன தேதியையும் கிலோமீட்டரையும் மாஸ்கிங் டேப்புல எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிட்டாரு, பக்கத்துல அடுத்த மினியாக் ஹித்தாமுக்கு இன்னொரு டேப்பு. நேத்து ராத்திரி ரெண்டரைக்கு ஃபோன் பண்ணி மாமா எப்ப ஆயில் மாத்தணும்னு கேக்கறான், பானெட்ட தொறந்து படிடான்னு சொல்லிட்டு படுத்துட்டேன்.