பச்சையாகச் சாப்பிட எது: வல்லாரையா, பருப்புக்கீரையா?

தானாக முளைக்கும் கீரைகளில் அடுப்பில் ஏற்றாமல் அப்படியே சாப்பிடத் தோதானவை கொஞ்சம்தான். அவற்றில் பேர் வாங்கியது வல்லாரை. ஆனால் ஒரு கிண்ணம் நிறைய சாலட் வேண்டுமென்றால் நான் பறிப்பது பருப்புக்கீரையைத்தான்.

எந்தப் பருப்புக்கீரை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சில சந்தைகளில் சக்கரவர்த்திக்கீரையையும் இதே பெயரில் விற்கிறார்கள். அது நிமிர்ந்து வளரும், வேக வைத்துச் சாப்பிட வேண்டிய வேறு கீரை. நான் சொல்வது சிவந்த தண்டும் சதைப்பற்றான சின்ன இலையுமாகத் தரையோடு படர்வது. கோழிக்கீரை என்றும் சொல்வார்கள். தாவரவியலில் போர்ட்டுலாகா ஒலரேசியா. தொட்டியில் பூக்கும் பத்துமணிப்பூ இதற்கு நெருங்கிய சொந்தம்.

வல்லாரையின் பலம் அதன் மணமும் இளங்கசப்பும். கொத்தமல்லி, கேரட் குடும்பம் என்பதால் அந்த வாசம். இதைப் பச்சையாகச் சாப்பிடும் கலையை இலங்கைக்காரர்களிடம்தான் கற்க வேண்டும். யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலில் இலையை மிகப் பொடியாக அரிந்து, தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பிசறி, கடைசியாக எலுமிச்சை பிழிவார்கள். சிங்களவர்கள் ‘கொட்டுகொல’ சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூளும் போடுவதுண்டு. அரிவது பொடியாக இல்லாவிட்டால் நார் தட்டும், கசப்பும் தூக்கலாகத் தெரியும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டம்தான். கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட முடியாது.

நினைவாற்றல் விஷயம்? ‘வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே’ என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் அதை உறுதியாக நிரூபிக்கவில்லை. ருசிக்காகச் சாப்பிடுங்கள், அதுவே போதுமான காரணம்.

பருப்புக்கீரையை நம் ஊரில் பாசிப்பருப்போடு கடைந்தே பழகிவிட்டோம். பச்சையாகக் கடித்தால் மொறுமொறுப்பு, லேசான புளிப்பு, கொஞ்சம் வழவழப்பு. துருக்கியில் பூண்டும் தயிரும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். லெபனானில் ஃபத்தூஷ் சாலட்டில் இதற்கு இடமுண்டு. கிரேக்கர்கள் தக்காளியோடு கலப்பார்கள். நமக்குச் சுலபமானது தயிர்ப் பச்சடி: இலையையும் இளந்தண்டையும் கிள்ளிப் போட்டு, வெங்காயம், கெட்டித் தயிர். உப்பைப் பச்சடி பரிமாறும் நேரத்தில் மட்டும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நீர்விட்டுத் துவண்டுவிடும்.

இதில் எனக்கு மிகப் பிடித்த சங்கதி, பறிக்கும் நேரத்தைப் பொறுத்து ருசி மாறுவது. தண்ணீர் பற்றாக்குறையில் நிற்கும் செடி, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்குகிறது. அதை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் செலவழிக்கிறது. அதனால் விடியற்காலையில் பறித்தால் புளிப்பு அதிகம், சாயங்காலம் பறித்தால் குறைவு. ஒமேகா-3 வகைக் கொழுப்பான ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் மற்ற கீரைகளைவிட இதில் அதிகம்.

குறை இல்லாமலும் இல்லை. ஆக்சாலிக் அமிலம் நிறைய. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களுக்குத் தயிரோடு சாப்பிடுவது உதவும். தயிரின் கால்சியம் அந்த அமிலத்தின் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது.

பறிக்கும்போது இரண்டிலும் கவனம் வேண்டும். பருப்புக்கீரை என்று நினைத்துக் கிள்ளிய தண்டில் வெள்ளைப் பால் வடிந்தால் விட்டுவிடுங்கள், அது சித்திரப்பாலாடை போன்ற வேறு செடி. வல்லாரை இலை சிறுநீரக வடிவம், காம்பு சேரும் இடத்தில் பிளவு இருக்கும். பிளவே இல்லாமல் காம்பு இலையின் நடுவில் ஒட்டியிருந்தால் அது வல்லாரை இல்லை. நீர்ப்பிரமியும் வேறு, அதற்கும் வல்லாரைக்கும் ‘பிராமி’ என்ற பெயர் பொதுவாகப் புழங்குவதால் குழப்பம். வல்லாரை ஈரத்தில் வளர்வது. சாக்கடை கலக்கும் வாய்க்கால் ஓரத்துக் கீரையைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே வல்லாரையை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பேன். கணுவில் வேர்விட்ட ஒரு கொடித்துண்டு போதும்.

போட்டியில் புளியாரையைச் சேர்க்காததற்குக் காரணம், அது தனியாகச் சாலட் ஆகாது என்பதுதான். தொட்டிகளில் களையாக முளைக்கும் அந்த மூவிலைக் கீரையில் புளிப்பு மிக அதிகம், ஆக்சாலிக் அமிலமும் அப்படித்தான். எலுமிச்சை இல்லாத நாளில் நாலைந்து இலையைச் சம்பலில் அரிந்து போடலாம்.